பாண்டி மாசிலாமணியின் குடை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மாசிலாமணியை யாரும் டைம் கீப்பர் என்று சொல்லித் தேடி வந்ததில்லை. பாண்டி மாசிலாமணி என்றால்தான் கைகாட்டுவார்கள். வாரத்தில் ஆறு நாள் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவார். ஏழாம் நாள் ஒரு வேனைப் பேசிப் பதினைந்து பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி சுற்றிக் காட்டப் புறப்பட்டுவிடுவார்.

அவர் என் மனைவிக்குச் சித்தப்பா. எனக்கு மாமனார் முறை. உண்மையைச் சொல்லப்போனால் நேராகவே மாமனார் ஆகியிருக்க வேண்டியவர். ஆகாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவருடைய டூரில் ஒரு தடவை போனவர்கள் மறக்கமாட்டார்கள். காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் வேன் புறப்படும். டிரைவர் அமீர் பாட்சா கோட்டக்குப்பத்துக்காரர். இரண்டு வருஷம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்து நம் வெயிலில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதலில் மணக்குள விநாயகர். அப்புறம் ஆசிரமம். அங்கே பேசக்கூடாது என்பதால் வேனுக்குள்ளேயே எல்லோர் வாயையும் மாசிலாமணி அடைத்துவிடுவார். அடுத்தது மியூசியம். அங்கே இருக்கும் பழைய வெள்ளைக்காரக் கட்டிலைக் காட்டி, “இதுல படுத்தவன்லாம் போய்ச் சேந்துட்டான். கட்டிலு மட்டும் கெடக்குது, நல்லா பாத்துக்குங்க” என்பார். பதினொரு மணிக்குப் பொட்டானிக்கல் கார்டன், அங்கேயே மர நிழலில் கட்டுச்சோறு. வெயில் தாழ்ந்ததும் பீச். வந்த வழியே திரும்புவது அவருக்குப் பிடிக்காது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், காலாப்பட்டு என்று கடலை ஒட்டியே வந்து, மரக்காணத்தில் உப்பளம் காட்டித் திண்டிவனம் கொண்டுவந்து சேர்ப்பார். காலாப்பட்டில் ஒரு வெட்டவெளியைக் காட்டி, “இங்கதான் யூனிவர்சிட்டி வரப்போவுது. இப்பவே பாத்துக்குங்க, அப்பறம் உள்ள உடமாட்டான்” என்பார். வேனில் இருப்பவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

கார்டனில்தான் அவருடைய முழுத் திறமையும் தெரியும். மரங்களில் அடித்திருந்த பலகைகளில் என்னென்னவோ இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆகவே அவரே பெயர் வைத்துவிட்டார். ஒன்று கப்பல் புளி, ஒன்று பிரெஞ்சு இலுப்பை, ஒன்றுக்குக் கவர்னர் மரம் என்று பெயர். கேட்கிறவர்கள் மரத்தைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

இதெல்லாம் வெளியே தெரிந்த டூர். உள்ளே இன்னொரு டூர் நடந்துகொண்டிருந்தது.

மாசிலாமணிக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளை ஒன்பது வீட்டார் வந்து பார்த்தார்கள். ஒன்பது தடவை கேசரியும் பஜ்ஜியும். ஒன்பது தடவையும் “போய் லெட்டர் போடறோம்” என்றுவிட்டுப் போனார்கள். பத்தாவது வீட்டார் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள், வந்தவர்கள் எழுந்து போகும்வரை வெளியே வரவேயில்லை. அதற்கப்புறம் யாரும் பார்க்கவும் வரவில்லை. அண்ணனுக்கு அது மனதில் அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பெண்ணும் தட்டேந்தி நின்று வேண்டாம் என்ற சொல்லைக் கேட்கக்கூடாது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் தனியாக பஸ்ஸில் வந்து, பதினொரு மணிக்குக் கார்டன் வாசலுக்கு உட்புறம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போல நிற்க வேண்டும். பெண் வேனில் வருவாள். அன்றைக்கு வேனில் இருப்பவர்கள் எல்லாம் பெண் வீட்டுச் சனமாகத்தான் இருப்பார்கள். எல்லோரும் மரம் பார்த்துக்கொண்டே நடந்து கப்பல் புளிக்கு வந்ததும், மாசிலாமணி தன்னுடைய பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பெண்ணின் தலைக்கு மேல் பிடிப்பார். மரத்தடியில் எதற்குக் குடை என்று யாரும் கேட்டதில்லை. குடைக்குக் கீழே நிற்பவள்தான் பெண். வேன்காரர்கள் யாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது. பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் பீச்சுக்கு வந்து, ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வாங்கி மாசிலாமணி கையில் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் பீச்சுக்கே வரமாட்டார்கள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. பெண் பாட்டுக்குக் கடலில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இப்படி முப்பது பெண்களாவது அந்தக் குடைக்குக் கீழே நின்றிருப்பார்கள். போட்டோ கொடுக்கும் வழக்கமே அவரிடம் இல்லை. “போட்டோவப் பாத்து வாணாம்னு சொன்னாலும் வாணாம்தானங்க” என்பார்.

1986 சித்திரையில் அவர் தன் சொந்த மகளையே அந்த வேனில் ஏற்றினார். பெயர் கிருஷ்ணவேணி. தாய் இல்லாத பெண். அவள் அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பார்க்க வந்த மாப்பிள்ளை நான்.

நான் முகையூர்க்காரன், பெயர் சீனுவாசன். விழுப்புரத்தில் மின்சார வாரியத்தில் ஒயர்மேன் வேலை. என் அம்மா லட்சுமியம்மாள் அதற்குள் பதினொரு பெண்களைக் கழித்துக் கட்டியிருந்தாள். ஒருத்தி சிரித்தாள் என்று வேண்டாம், ஒருத்தி சிரிக்கவில்லை என்று வேண்டாம், ஒருத்திக்குப் பாதம் பெரிசு. கிருஷ்ணவேணியின் ஜாதகம் பொருந்தியதும், என் தாய்மாமன் பெரியதம்பி திண்டிவனம் போய் மாசிலாமணியைப் பார்த்துப் பேசிக் குடை விவரத்தைக் கேட்டு வந்தார். “கொடைய மட்டும் பாத்தா போதும்க்கா. பேசக்கூடாது, கிட்ட போவக்கூடாது. மீதி பீச்சுல” என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

நாங்கள் மூன்று பேரும் வாசலருகே நின்றோம். வேன்காரர்கள் உள்ளே வந்தார்கள். நீலத் தாவணி போட்ட ஒரு பெண் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே வந்தாள். மாசிலாமணி ஏதோ ஒரு மரத்துக்கு ஏதோ ஒரு பெயர் சொல்ல, அவள் பலகையைக் காட்டி மெதுவாக என்னவோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பெண்ணாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வேனில் அஞ்சம்மாள் என்று ஒரு விதவை வந்திருந்தாள். மாசிலாமணியின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்காள், ஊர் பெருமுக்கல். அவளுடைய மகள் செண்பகத்துக்கு வேன் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி. கார்டனுக்குள் நாலு எட்டு வைத்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வர, பாதையோரத்தில் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அஞ்சம்மாள் முந்தானையால் விசிறினாள். முன்னால் போய்க்கொண்டிருந்த மாசிலாமணி திரும்பிப் பார்த்தவர், ஓடி வந்து குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

முப்பது பெண்களுக்கு அடையாளம் காட்டிய மனிதருக்கு அந்த நிமிஷம் அது வெறும் குடையாகிவிட்டது. பிற்பாடு ஒருநாள் கேட்டேன். “அந்தப் புள்ள மொகம் வெளுத்துப்போச்சு மாப்ள. வேற ஒண்ணும் தோணல” என்றார்.

“அதோ கொடை” என்றாள் என் அம்மா.

யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். செண்பகம் அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. அவள் சொம்பைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டு, மீதியைத் தான் குடித்தாள். அதைப் பார்த்தாளே என் அம்மா! பதினொரு பெண்களிடம் என்ன தேடினாளோ அது கிடைத்துவிட்டது. கையில் விநாயகர் கோயிலில் வாங்கிய மல்லிச் சரம் இருந்தது.

“அக்கா, எங்க போற? அதெல்லாம் பீச்சுலதான்” என்று மாமன் கையைப் பிடித்தார்.

“உட்றா. பன்னண்டாவது பொண்ணு. இன்னும் இன்னாத்தப் பாக்கறது?” என்று கையை உதறிவிட்டு அம்மா நேராகப் போனாள். உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் அத்தனை பேர் முன்னாலும் பூவை வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் பூ வைத்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. வைத்த பூவை எடுத்துவிட்டார்கள் என்றால் அந்தப் பெண்ணை அப்புறம் ஒருத்தன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். “ஏ அஞ்சம்மா, உம்பொண்ணுக்குப் பூ வச்சுட்டாங்கடி” என்று யாரோ ஒருத்தி கூவினாள். தன் மகளைப் பார்க்க ஒரு ஈ காக்கை கூட வந்ததில்லை என்று இருந்த அஞ்சம்மாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

“கிருஷ்ணவேணி தான உம்பேரு?” என்று அம்மா அவள் முகவாயைத் தொட்டுக் கேட்டாள்.

“இல்லீங்க. செண்பகம்.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். மாசிலாமணி தன் மகளைப் பார்த்தார். கிருஷ்ணவேணி மரத்தடியில், படித்துக்கொண்டிருந்த பலகையின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தாள். முந்தின நாளே அவர் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவளுக்கு எல்லாம் தெரியும். அப்புறம் அவர் அழுதுகொண்டிருந்த அஞ்சம்மாளைப் பார்த்தார்.

“செண்பகம்தாங்க” என்றார். குடையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். “எஞ்சம்சாரத்தோட அக்கா பொண்ணு. எம்பொண்ணு மாதிரிதான். நல்ல எடமா பாத்துக்கினு இருந்தோம்.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கம்பத்தில் ஏறிக் கரண்டோடு விளையாடுகிறவன் நான். அன்றைக்கு பியூஸ் போனவன் மாதிரி நின்றேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசித்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. எதைச் சொன்னாலும் யாரோ ஒரு பெண்ணின் தலையில்தான் விழுந்திருக்கும்.

அம்மா அவசரத்தில் வைத்த சரம் செண்பகத்தின் தலையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி வந்து, தன் தலையிலிருந்த ஊசியை எடுத்து அதைச் சரியாகக் குத்திவிட்டாள்.

சாயங்காலம் பீச்சில் மாமன் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கிக்கொண்டுபோய் மாசிலாமணியிடம் கொடுத்தார். வேறு என்ன செய்வது? அவர் வாங்கி, வேனில் வந்த எல்லோருக்கும் பங்கு வைத்தார். கிருஷ்ணவேணியும் இரண்டு எடுத்துத் தின்றாள்.

ஆவணியில் எனக்கும் செண்பகத்துக்கும் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மாசிலாமணிதான் தகப்பன் மாதிரி நின்று எல்லாம் செய்தார். செண்பகத்தைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவள் தங்கம். அதனால்தான் இந்தக் கதையில் யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கல்யாணம் முடிந்த மாதமே அம்மா திண்டிவனம் போய் மாசிலாமணி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நானும் கூடப் போயிருந்தேன். “நான் பண்ண தப்பு. ஊரறியச் சொல்லிடறேன். ஆள் மாறிப் பூ வச்சுட்டேன்னு நானே வாயால சொல்றேன்” என்றாள்.

“சொன்னா இன்னா ஆவும்?” என்றார் மாசிலாமணி. “செண்பகத்தை ஆள் மாறி வந்த பொண்ணும்பாங்க. சொல்லாத இருந்தா எம்பொண்ண வாணாம்னு உட்ட பொண்ணும்பாங்க. ரெண்டுத்துல ஒண்ணுதான். அந்தப் புள்ள வாழ வந்துடுச்சு, அது நல்லா இருக்கட்டும். வாயத் தொறக்காதீங்க.”

நாங்கள் திறக்கவில்லை. ஊர் திறந்தது. மாசிலாமணி மகளைப் பார்க்கப் போன முகையூர்ப் பையன், அவளைப் பார்த்ததும் வேண்டாம் என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கட்டிக்கொண்டானாம் என்று பேச்சு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் போனது. என்ன குறையோ என்றார்கள். காலில் ஏதோ என்றார்கள், காது கேட்காதாம் என்றார்கள். என் அம்மாவே கிருஷ்ணவேணிக்கு இரண்டு வரன் கொண்டுவந்தாள். இரண்டும் கார்டன் வரைக்குமே வரவில்லை.

கிருஷ்ணவேணி டைப்ரைட்டிங் ஹயர் முடித்து, ஒரு வக்கீலிடம் வேலைக்குப் போனாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் “மாமா, சௌக்கியமா?” என்று கேட்பாள். அக்காள் புருஷனை அப்படித்தான் கூப்பிட வேண்டும். செண்பகத்தோடு உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள். ஒரு தடவையாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாசிலாமணி டூரை நிறுத்தவில்லை. மற்றப் பெண்களுக்குக் குடை விரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கார்டனுக்குள் நுழைந்தாலே அவர் கை நடுங்க ஆரம்பித்துவிடும். குடை ஆடுவது வாசலுக்கே தெரியும் என்று அமீர் பாட்சா சொல்வார்.

1989 வைகாசியில் அவரிடமிருந்து கார்டு வந்தது. கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன், பையன் வாத்தியார், கார்டனுக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். நீங்களும் குழந்தையோடு வந்தால் வண்டி நிறைந்த மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தார்.

கார்டைப் படித்துவிட்டு செண்பகம் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அப்புறம், “மாப்ள வூட்டுக்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். எனக்கு வச்ச பூ கிருஷ்ணவேணிக்கு வைக்க வந்ததுதான்னு” என்றாள். பூ வைத்த அன்றைக்கு என் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. மூன்று வருஷமாக அதைப் பற்றி அவள் வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

வேனில் மாசிலாமணியிடமும் அதையே சொன்னாள்.

“வாணாம் கண்ணு. கையில பொட்டப்புள்ள வச்சிருக்கிற. நாளைக்கு அதுக்கும் நாலு பேரு வரணும்” என்றார்.

“அப்ப கொடையாச்சும் நான் புடிக்கிறேன் சித்தப்பா. உங்களுக்குக் கை ஆடுது.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நீ புடிம்மா. நீ புடிச்சா எம்மனசுக்கு நெறைவா இருக்கும்” என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அமீர் பாட்சாகூட, “கரெக்ட்டுங்க. இந்த வாட்டி மிஸ்ஸே ஆவாது” என்றார். ஒருத்தருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. புத்தி எங்கே போயிற்று எங்களுக்கு?

கார்டனுக்குள் எல்லோரும் மரம் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலருகே வேடிக்கை பார்ப்பவன் போல நின்றுவிட்டேன். நாலடி தள்ளி அவர்கள் நின்றார்கள். பையன், அவன் அம்மா, பெரியம்மா போலிருந்த ஒரு தடித்த அம்மாள். பையன் நல்ல மாதிரியாகத் தெரிந்தான். செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கப்பல் புளிக்கு அடியில் செண்பகம் குடையை விரித்தாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. கீழே கிருஷ்ணவேணி.

பையன் பார்த்தான். இன்னும் பார்த்தான். “பொண்ணு லட்சணமா இருக்குதுடா” என்றாள் அவன் அம்மா. பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்கு மூன்று வருஷப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் பாண்டிச்சேரியில் இருந்திருக்கமாட்டான்.

தடித்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “ஏண்டி, கொடை புடிச்சிக்கினு நிக்கிறாளே, அவ யாருன்னு தெரியுதா? பெருமுக்கல் அஞ்சம்மா பொண்ணு. இந்தப் பொண்ணப் பாக்க வந்தவன்தான் இத உட்டுட்டு அவளக் கட்டிக்கினு பூட்டான். இதே எடத்துல.”

“ஏனாம்?”

“யாரு கண்டா? எதுனா இருக்கும். சும்மாவா உட்டுட்டுப் போவான்?”

பையனின் சிரிப்பு நின்றுவிட்டது.

என்னால் பொறுக்கமுடியவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. நல்ல பொண்ணுங்க அது” என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். “நீங்க யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பையன்தான் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசையாகவே கேட்டான்.

ஒரே ஒரு வாக்கியம்தான். எங்கம்மா ஆள் மாறிப் பூ வச்சுட்டாங்க, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டைவரை வந்தது. எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றாள். இடுப்பில் என் மகள். அந்த நேரத்தில் என் மகள் குடையைப் பார்த்துக் கையை நீட்டி, “அம்மா... அம்மாகிட்ட...” என்று அழ ஆரம்பித்தாள்.

தடித்த அம்மாள் குழந்தையைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஓ, அவரா நீங்க?” என்றாள். அவ்வளவுதான். “வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்று மற்ற இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனாள். பையன் கேட்டருகே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மரத்தடிக்கு வந்தேன். மாசிலாமணி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கப்பல் புளியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட நீளமாகச் சொன்னார். அவர் போட்ட சட்டத்தை அவர் மீறமாட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. செண்பகமும் பார்க்கவில்லை. குடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கிருஷ்ணவேணிதான் மெல்லச் சொன்னாள். “மடக்கிடுக்கா. கை வலிக்கும். அவங்க அப்பவே போயிட்டாங்க.”

செண்பகம் என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்திருக்கும். மாசிலாமணிக்கு மட்டும் தெரியாது. யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

பீச்சில் அவர் மணலுக்கு இறங்கவேயில்லை. மல்லாட்டை வண்டிக்குப் பக்கத்தில் சுவர்மேல் உட்கார்ந்துகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கடலில் கால் நனைத்து வந்தார்கள். வேனில் ஏறும் நேரமாயிற்று.

“விழுப்புரம் வண்டி அஞ்சு இருவதுக்குத்தான் மாப்ள. அதுக்குள்ள வந்துடுவாங்க” என்றார் என்னிடம். டைம் கீப்பர் ஆயிற்றே, எல்லா பஸ்ஸும் அவருக்கு மனப்பாடம்.

ஐந்து இருபது ஆயிற்று. “அதுல கூட்டமா இருக்கும். அத உட்டுட்டு ஆறு மணி வண்டிக்குப் போவாங்க” என்றார்.

அமீர் பாட்சா ஹாரன் அடித்தார். “ஜல்தி வாங்க, மரக்காணம் போவறதுக்குள்ள இருட்டிப்பூடும்.”

“இருய்யா. ஆறே காலுக்கு ஒண்ணு இருக்குது” என்றார் மாசிலாமணி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா, அவர்கள் வரமாட்டார்கள் என்று சொல்ல வேண்டியவன் நான்தான். அதையும் நான் சொல்லவில்லை.

கிருஷ்ணவேணி வேனிலிருந்து இறங்கி வந்தாள். நேராக வண்டிக்காரனிடம் போய் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கினாள். சூடாக இருந்ததை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே வந்து, அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்தாள்.

“வாப்பா, போலாம்” என்றாள்.

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து வேனில் ஏறி, எப்போதும் போல எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், “புடிங்க மாப்ள” என்றார். நான் கையை நீட்டினேன். இரண்டு தின்றேன்.